புதுச்சேரி 11.93, 79.83: இந்த இரண்டு எண்களும் எங்கிருந்து வந்தன?

கைபேசி வரைபடத்தில் புதுச்சேரிக் கடற்கரையை விரலால் அழுத்திப் பிடித்தால் 11.93 என்றும் 79.83 என்றும் தொடங்கும் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சம், இரண்டாவது தீர்க்கம். ஆறாம் வகுப்பில் படித்ததுதான். ஆனால் வெளியே இவற்றைப் பற்றி நடக்கும் பேச்சில் பாதி, பாடத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. ‘79 டிகிரியில்தான் பூமியின் மையக்கோடு போகிறது, அதனால்தான் நம் கோயில்கள் அங்கே இருக்கின்றன’ என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. ஒரே தீர்க்கத்தில் இருக்கும் ஊர்களில் சூரியன் ஒரே நேரத்தில் உதிக்கும் என்று நினைப்பவர்களும் உண்டு. கத்திரி வெயிலில் சூரியன் நேர் உச்சியில் நிற்பதாக ஊரே நம்புகிறது. மூன்றும் தவறு. ஏன் தவறு என்று புரிய, அந்த எண்கள் எதை அளக்கின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு வீதி, ஒரு முனை

‘நேரு வீதியும் மிஷன் வீதியும் சந்திக்கும் முனை’ என்று சொன்னால் ஆட்டோக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கமாட்டார். இரண்டு வீதியின் பெயர், ஒரே ஓர் இடம். நேரு வீதி கிழக்கு மேற்காக ஓடுகிறது. ஆனால் அதன் பெயரைச் சொல்வதால் நமக்குத் தெரிவது, ஊரில் வடக்கு தெற்காக எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பது. மிஷன் வீதி வடக்கு தெற்காக ஓடுகிறது. அது சொல்வது, கடலிலிருந்து எவ்வளவு மேற்கே இருக்கிறோம் என்பது.

பள்ளிப் பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான். அட்சக்கோடு ஓடுவது கிழக்கு மேற்காக, அளப்பது வடக்கு தெற்கை. தீர்க்கக்கோடு ஓடுவது வடக்கு தெற்காக, அளப்பது கிழக்கு மேற்கை. எந்தக் கோட்டின் மேல் நிற்கிறோம் என்பதுதான் கேள்வி. அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதல்ல.

வீதிகளோடு ஒப்பிடுவது இத்தோடு போதும். ஊர் தட்டையானது, வீதிகளுக்கு இடையே உள்ள தூரம் மாறாது. பூமி உருண்டை. அங்கே கதை வேறு.

அட்சம்: சுழற்சி தந்த எண்

பூமி தன் அச்சில் சுழல்கிறது. அச்சின் இரண்டு முனைகளும் துருவங்கள். இரண்டுக்கும் சரிபாதித் தூரத்தில் பூமியைச் சுற்றிவரும் வட்டம் நிலநடுக்கோடு. இவற்றை யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. சுழலும் உருண்டை எதுவானாலும் அதற்கு இரண்டு துருவமும் ஒரு நடுக்கோடும் தானாகவே அமைந்துவிடும்.

பூமியின் மையத்திலிருந்து கடலூருக்கு ஒரு நேர்கோடு போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அதே மையத்திலிருந்து, கடலூருக்கு நேர் தெற்கே நிலநடுக்கோட்டில் உள்ள புள்ளிக்கு இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுவே விரியும் கோணம் 11.75 டிகிரி. அதுதான் கடலூரின் அட்சம். வடக்கே இதே கோணம் வரும் இடங்களையெல்லாம் சேர்த்தால் பூமியைச் சுற்றி ஒரு முழு வட்டம் கிடைக்கும். அதுதான் அட்சக்கோடு. நிலநடுக்கோட்டில் 0, துருவங்களில் 90. வடக்கா தெற்கா என்பதைக் கூடவே சொல்லியாக வேண்டும்.

ஆக, அட்சம் என்பது தூரமல்ல, கோணம். தூரமாக மாற்ற, நம் பக்கத்தில் ஒரு டிகிரிக்கு 110.6 கி.மீ. என்று பெருக்கினால் போதும். கடலூரிலிருந்து நேர் தெற்கே சுமார் 1,300 கி.மீ. போனால் நிலநடுக்கோடு.

மையத்துக்குப் போகாமல் இந்தக் கோணத்தை எப்படிப் பார்ப்பது? வானத்தில் பார்க்கலாம். வடதுருவத்தில் நிற்பவருக்குத் துருவ நட்சத்திரம் உச்சந்தலைக்கு மேலே. நிலநடுக்கோட்டில் நிற்பவருக்கு அது தொடுவானத்தில். இடையில் எங்கு நின்றாலும் அதன் உயரம் ஏறக்குறைய அந்த இடத்தின் அட்சம். கையை முழுதாக நீட்டி முஷ்டி பிடித்தால் முஷ்டியின் அகலம் சுமார் 10 டிகிரி. கடலூர்க் கடற்கரையான தேவனாம்பட்டினத்தில் நின்று வடக்கே பார்த்தால், தொடுவானத்துக்கு மேல் ஒரு முஷ்டியும் இன்னும் கொஞ்சமும். அவ்வளவு தாழ்வில் இருப்பதால் கடலோரப் புகைமூட்டத்திலும் விளக்கு வெளிச்சத்திலும் பல நாள் கண்ணில் படாது. பெய்த மழை விட்ட இரவில் தேடுவது நல்லது.

கத்திரி வெயிலில் சூரியன் எங்கே?

சூரியன் ஆண்டு முழுவதும் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே நிற்பதில்லை. தெற்கே 23.4 டிகிரி வரைக்கும் வடக்கே 23.4 டிகிரி வரைக்கும் போய்த் திரும்புகிறது. வடக்கே ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை, நம் அட்சத்துக்கு நேர் மேலே வரும். புதுச்சேரிக்கு அது ஏப்ரல் 21ஐ ஒட்டி ஒரு நாள், ஆகஸ்ட் 21ஐ ஒட்டி ஒரு நாள். அன்று நண்பகலில் செங்குத்தாக நிற்கும் கம்பிக்குப் பக்கவாட்டில் நிழலே விழாது.

மே மாதம் அக்கினி நட்சத்திரம் தொடங்கும்போது சூரியன் நம்மைக் கடந்து வடக்கே போயிருக்கும். அந்த நாட்களில் நண்பகல் நிழல் தெற்கே விழும். நம்பாதவர்கள் மே மாதத்தில் மொட்டை மாடிக்குப் போய்ப் பார்க்கலாம்.

தீர்க்கம்: பேசி வைத்த சுழியம்

வடதுருவத்திலிருந்து தென்துருவம் வரை பூமியின் மேல் வரையும் அரைவட்டம்தான் தீர்க்கக்கோடு. எத்தனை வேண்டுமானாலும் வரையலாம், எல்லாம் ஒரே நீளம், எல்லாம் ஒரே மாதிரி. எதிலிருந்து எண்ணத் தொடங்குவது? அட்சத்துக்கு நிலநடுக்கோடு இருக்கிறது. தீர்க்கத்துக்கு அப்படி இயற்கை எதையும் விட்டுவைக்கவில்லை. ஏதாவது ஒரு கோட்டை 0 என்று மனிதர்கள்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

1884இல் வாஷிங்டனில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் கூடி, இங்கிலாந்தின் கிரீனிச் ஆய்வகம் வழியாகப் போகும் கோட்டை 0 என்று வைத்தார்கள். அதில் வானியல் காரணம் எதுவும் கிடையாது. உலகக் கப்பல்களில் பெரும்பாலானவை ஏற்கெனவே கிரீனிச்சை வைத்து அச்சிட்ட வரைபடங்களைப் பயன்படுத்திக்கொண்டிருந்தன, அவ்வளவுதான். பிரான்ஸ் அந்த வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. பாரிஸ் வழியாகப் போகும் கோட்டை அது விடவில்லை; 1911 வரை பிரான்சின் சட்டப்படியான கடிகாரமும் பாரிஸ் நேரம்தான்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இது வெறும் வரலாறு அல்ல. பாரிஸ் கோடு கிரீனிச்சுக்குக் கிழக்கே 2 டிகிரி 20 கலையில் இருக்கிறது. (டிகிரியின் 60இல் ஒரு பங்கு கலை, கலையின் 60இல் ஒரு பங்கு விகலை. கடிகார நிமிடத்தோடும் நொடியோடும் குழம்பக்கூடாது.) பாரிஸை 0 என்று வைத்தால் புதுச்சேரி 79°50′ அல்ல, 77°30′. பழைய பிரெஞ்சு வரைபடத்தை எடுத்து இன்றைய எண்ணோடு நேரடியாகப் பொருத்தினால் ஊர் 250 கி.மீ.க்கு மேல் நகர்ந்துவிடும். ஆவணக் காப்பகத்தில் பழைய வரைபடம் பார்ப்பவர்கள் முதலில் ஓரத்தில் எந்த நகரத்தின் கோடு என்று எழுதியிருக்கிறது என்று பார்ப்பது இதனால்தான்.

உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தால்

30 செ.மீ. விட்டமுள்ள பள்ளிக்கூட உலக உருண்டை ஒன்று கிடைத்தால் தையல் நூலும் அளவுகோலும் போதும். பெரும்பாலான உருண்டைகளில் தீர்க்கக்கோடுகள் 15 டிகிரிக்கு ஒன்றாக 24 இருக்கும். நிலநடுக்கோட்டில் பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே நூலை வைத்தால் 3.9 செ.மீ. நம் அட்சத்தில் 3.8. ஹெல்சிங்கி இருக்கும் 60 டிகிரியில் 2 செ.மீ.க்கும் குறைவு. துருவத்தில் எல்லாம் ஒரே புள்ளியில் வந்து சேர்ந்துவிடும். இப்போது நூலைத் திருப்பி, ஒரு தீர்க்கக்கோட்டின் மேலேயே 15 டிகிரியை அளந்து பாருங்கள். எங்கே வைத்தாலும் அதே 3.9.

நிஜப் பூமியிலும் இதே கணக்கு. அட்சத்தில் ஒரு டிகிரி எங்கும் சுமார் 111 கி.மீ. தீர்க்கத்தில் ஒரு டிகிரி நிலநடுக்கோட்டில் 111, புதுச்சேரியில் 109, 60 டிகிரியில் 56, துருவத்தில் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் நூல் காட்டிக்கொடுக்கும். மாட்ரிட்டும் நியூயார்க்கும் ஏறக்குறைய ஒரே அட்சத்தில், 40 டிகிரியைக் கடந்து சற்று மேலே இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே நூலை இறுக்கி இழுத்தால் அது அட்சக்கோட்டோடு ஓடாது, வடக்கே வளைந்து போகும். இறுகிய நூல்தான் குறுக்குவழி. அட்சக்கோடுகளில் நிலநடுக்கோட்டைத் தவிர வேறு எதுவும் குறுக்குவழி அல்ல. தீர்க்கக்கோடுகள் அனைத்தும் குறுக்குவழிகள்.

அந்த 79 டிகிரிச் செய்தி

இனி வாட்ஸ்அப்புக்கு வரலாம். சிதம்பரம், காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர், காளத்தி ஆகிய மூன்று கோயில்களும் 79.69 முதல் 79.70 டிகிரிக்குள் இருப்பது உண்மை. கிழக்கு மேற்கு வித்தியாசம் ஒரு கிலோமீட்டருக்குள் அடங்குகிறது. சிதம்பரத்துக்கும் காளத்திக்கும் நடுவே 260 கி.மீ. இருக்கும்போது அது கவனிக்கத்தக்க ஒற்றுமைதான். அதோடு செய்தியின் உண்மை முடிந்தது. பஞ்சபூதத் தலங்களில் மிச்சமுள்ள இரண்டும் அந்தக் கோட்டில் இல்லை: திருவண்ணாமலை 79.07, திருவானைக்காவல் 78.71. சிதம்பரத்துக்கும் திருவானைக்காவலுக்கும் கிழக்கு மேற்காக மட்டும் நூறு கிலோமீட்டருக்கு மேல். ராமேசுவரம் 79.32, கேதார்நாத் 79.07. ‘79 டிகிரி’ என்று முழு எண்ணை மட்டும் சொன்னால் நூறு கி.மீ. அகலப் பட்டைக்குள் இருப்பதெல்லாம் ஒரே கோடாகிவிடும்.

‘பூமியின் மையக்கோடு’ என்பதற்கோ பொருளே இல்லை. 79 என்ற எண், கிரீனிச்சிலிருந்து எண்ணுவதால் வந்தது. பாரிஸிலிருந்து எண்ணினால் சிதம்பரம் 77°21′.

ஒரு டிகிரிக்கு நான்கு நிமிடம்

பூமி 24 மணி நேரத்தில் 360 டிகிரி திரும்புகிறது. மணிக்கு 15 டிகிரி, ஒரு டிகிரிக்கு 4 நிமிடம். தீர்க்கத்தின் வேலை முழுவதும் இந்தக் கணக்கில் அடங்கும்.

இதைப் பார்க்கப் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைப் போல வசதியான இடம் வேறில்லை. நான்கு துண்டுகள், ஒரே அரசு, ஒரே கடிகாரம். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கத்தின் நேரம். ஏனாம் 82.21இல், அந்தக் கோட்டை ஒட்டியே இருக்கிறது. அங்கே சூரியன் சராசரியாக 12 மணி 1 நிமிடத்துக்கு உச்சிக்கு வரும். புதுச்சேரி 79.83, உச்சி 12:11. காரைக்காலும் அதே 79.83, அதே 12:11. மேற்குக் கரையில் மாஹே 75.53, உச்சி 12:28. ஏனாமுக்கும் மாஹேக்கும் 27 நிமிட வித்தியாசம். அலுவலகம் திறப்பது மட்டும் ஒரே நேரத்தில்.

ஆனால் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் ஒன்றாக வருவது உச்சி மட்டுமே. சூரிய உதயம் அட்சத்தையும் பொறுத்தது. ஒரே தீர்க்கத்தில் இருந்தாலும், ஜூன் மாதத்தில் வடக்கே உள்ள ஊரில் பகல் நீளம். அங்கே முன்னதாக விடியும், பின்னதாக இருட்டும். மறுபக்கம், மாஹேயும் கடலூரும் ஏறக்குறைய ஒரே அட்சம், 11.7. அங்கே நிழலின் நீளம் ஒன்று, அது விழும் நேரம்தான் வேறு.

அட்சம் நிழலின் நீளத்தில் தெரியும், தீர்க்கம் கடிகாரத்தில் தெரியும்.

கடிகாரம் இல்லாதவனின் கஷ்டம்

நடுக்கடலில் அட்சம் தெரிந்துகொள்வது பழங்கால மாலுமிக்கும் எளிது. சூரியனோ நட்சத்திரமோ போதும். தீர்க்கத்துக்கு, இங்கே உச்சியாகும்போது 0 டிகிரியில் மணி என்ன என்று தெரிய வேண்டும். கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால் நம் பக்கத்தில் 27 கி.மீ. பிசகும். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது.

இதில் மாட்டிக்கொண்டவர் கியோம் லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர். 1761இல் வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்கக் கப்பலேறி வந்தார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கடப்பு நடந்த அன்று அவர் நடுக்கடலில். கண்ணால் பார்த்தார், ஆனால் கப்பல் எந்தத் தீர்க்கத்தில் இருந்தது என்று திட்டமாகத் தெரியாததால் அந்தப் பதிவு கணக்குக்கு உதவவில்லை. அடுத்த கடப்புக்காகக் கிழக்கிலேயே தங்கி, 1768இல் புதுச்சேரிக்கு வந்து ஆய்வுக்கூடம் அமைத்தார். 1769 ஜூன் 4 காலையில் சரியாக அந்த நேரம் பார்த்து மேகம் மூடிக்கொண்டது.

திருவந்திபுரம் வரை ஒரு டிகிரி

ஒரு டிகிரிக்கு 110.6 கி.மீ. என்று மேலே சொன்ன எண்ணை நம் மண்ணிலேயே அளந்திருக்கிறார்கள். 1802இல் ஆங்கிலேய நில அளவையாளர் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதை ஒரு பக்கமாக வைத்து முக்கோணம், அதன் பக்கத்தை வைத்து அடுத்த முக்கோணம் என்று கோணங்களை மட்டும் அளந்து தெற்கே இறங்கி, கடலூரை அடுத்த திருவந்திபுரத்தில் முடித்தார். இந்த முக்கோணத் தொடரின் வடமுனை சென்னைக்கு வடக்கே. இரண்டு முனையிலும் நட்சத்திரங்களைப் பார்த்து எடுத்த அட்சங்களின் வித்தியாசம் சுமார் 1°35′. நிலத்தில் தூரம் 175 கி.மீ. வகுத்தால் டிகிரிக்கு 110.6.

துருவத்தருகே இதே டிகிரி 111.7 கி.மீ. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதன் அடையாளம் அந்த ஒரு கிலோமீட்டர்.

ஒரு கம்பியால் உங்கள் ஊரை அளக்க

மார்ச் 20 அல்லது செப்டம்பர் 23ஐ ஒட்டிய சம பகலிரவு நாளைத் தேர்ந்தெடுங்கள். அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருப்பதால் கணக்கு எளிது. ஒரு நாள் தள்ளி அளந்தாலே 0.4 டிகிரி, அதாவது 44 கி.மீ. பிசகும்.

ரசமட்டம் வைத்துச் சமம் பார்த்த தரையில், ஒரு மீட்டர் நேர்க்கம்பியைத் தூக்குக்குண்டு பிடித்துச் செங்குத்தாக நிறுத்துங்கள். இதில் அலட்சியம் கூடாது: கம்பியின் உச்சி வடக்கோ தெற்கோ 1.7 செ.மீ. சாய்ந்தால் ஒரு டிகிரி போய்விடும். 11 மணி வாக்கில் நிழலின் நுனியைக் குறித்து, கம்பியின் அடியை மையமாக வைத்து அந்த நுனி வழியாக ஒரு வட்டம் போடுங்கள். பிற்பகலில் நிழல் மறுபடி வட்டத்தைத் தொடும் நேரத்தைக் குறியுங்கள். இரண்டு நேரத்துக்கும் சரிநடு உங்கள் நண்பகல். நிழல் எப்போது மிகக் குட்டை என்று உற்றுப் பார்த்துக் கண்டுபிடிப்பது சரிவராது; உச்சியை ஒட்டிய சில நிமிடங்களில் நீளம் மாறுவதே தெரியாது.

நிழலின் நீளத்தை மட்டும் நண்பகலில் அளந்துகொள்ளுங்கள். புதுச்சேரியில் 21.1 செ.மீ., கடலூரில் 20.8. நீளத்தைக் கம்பியின் உயரத்தால் வகுத்து, கணிப்பானில் டேன் இன்வர்ஸ் போட்டால் அட்சம். சூரியன் புள்ளியல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டு. அதனால் நுனி கிட்டத்தட்ட 1 செ.மீ.க்கு மங்கலாக இருக்கும். மங்கலின் நடுவை எடுக்க வேண்டும். இரண்டு ஊருக்கும் வித்தியாசம் 3 மி.மீ.தான் என்பதால், இந்தக் கம்பியால் அவற்றைப் பிரித்துக் காட்ட முடியாது.

தீர்க்கத்துக்கு ஒரு திருத்தம் வேண்டும். பூமியின் பாதை நீள்வட்டம், அச்சும் சாய்வு. அதனால் சூரியன் ஆண்டு முழுவதும் கடிகாரத்தோடு ஒத்து ஓடுவதில்லை. மார்ச் 20இல் ஏழரை நிமிடம் தாமதம், செப்டம்பர் 23இல் ஏழரை நிமிடம் முந்தி. புதுச்சேரியில் மார்ச்சில் நண்பகல் 12:18க்கு வந்தால் ஏழரையைக் கழியுங்கள்: 12 மணி பத்தரை நிமிடம். பத்தரையை 4ஆல் வகுத்தால் 2.6 டிகிரி, 82.5இலிருந்து கழித்தால் 79.9.

எண்ணை எழுதுவதில் வரும் பிசகு

அளப்பதை விட எழுதுவதில்தான் இன்று அதிகம் தவறு நடக்கிறது. 11°56′ என்பதை 11.56 என்று எழுதினால் புள்ளி 40 கி.மீ. தெற்கே போகும், 56 கலையை 60ஆல் வகுத்து 11.93 என்று எழுத வேண்டும். படகு ஜி.பி.எஸ். கருவிகள் பலவற்றில் கலையைத் தசமத்தில் காட்டுவார்கள்: 11°45.500′. இதை 45 கலை 50 விகலை என்று படித்து அடுத்த படகுக்குச் சொன்னால் வலை போட்ட இடம் 600 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். அது 45 கலை 30 விகலை. கடல் வரைபடத்தில் தூரத்தைப் பக்கவாட்டு அட்ச அளவில்தான் எடுக்க வேண்டும். அங்கே ஒரு கலை ஒரு நாட்டிகல் மைல், 1,852 மீட்டர். கீழே உள்ள தீர்க்க அளவில் எடுத்தால் நம் கடலில் நூற்றுக்கு இரண்டு பிசகும், வடக்கே போகப் போக இன்னும் மோசம்.

இரண்டு எண்ணையும் இடம் மாற்றி எழுதுவது எல்லாவற்றிலும் பெரிய கூத்து. 79.83 வடக்கு, 11.93 கிழக்கு என்றால் ஆர்க்டிக்கில் ஸ்வால்பார்டு தீவுகளின் வடமேற்குக் கரையோரம். அட்சம் முதலில், தீர்க்கம் அடுத்து. நம் பக்கத்தில் சிறிய எண் முதலில் வரும் என்று நினைவில் வைத்தாலும் போதும்.

புள்ளிக்குப் பின் எத்தனை இலக்கம்? இரண்டு இருந்தால் ஒரு கிலோமீட்டருக்குச் சரி, நான்கு இருந்தால் 11 மீட்டர், ஐந்து இருந்தால் ஒரு மீட்டர். கைபேசிக்கே சில மீட்டர் வரைதான் நிச்சயம். விண்ணப்பத்தில் எட்டு இலக்கம் நிரப்பச் சொன்னால் கடைசி மூன்று வெறும் அலங்காரம்.